பிறர் தூண்டுதலின்றி

2022 ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை, ஆடி பிறந்த அன்று காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு மேலப்பேரி பத்திராபீஸ் தெருவில் பூரணவல்லி வீட்டு வாசலில் பதினோரு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவரோடு ஒருவர் சேர்ந்து வந்தவர்கள் இல்லை. ஒரு அம்மாள் சாம்பார் சொட்டும் கரண்டியோடு நின்றார், ஒருவருக்குப் பாதி முகத்தில் சவர நுரை இருந்தது, மஞ்சள் தொப்பி போட்ட கட்டட வேலைக்காரர் ஒருவரின் செருப்பில் இந்தப் பக்கத்தில் எங்கும் இல்லாத வெளுத்த மணல் ஒட்டியிருந்தது, இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருப்பவள் மாதிரி ஒரு கையை மேலே தூக்கியபடி லேசாக ஆடிக்கொண்டே நின்றாள். பதினோரு பேர் கையிலும் செல்போன் இருந்தது. யாரும் தலை நிமிரவில்லை. ஏழு நிமிடம் அப்படி நின்றுவிட்டு, படித்து முடித்த வரிசைப்படி ஒவ்வொருவராக இல்லாமல் போனார்கள். கரண்டி அம்மாள் எழுத்துக் கூட்டிப் படிப்பவர் போலிருக்கிறது, கடைசியாகப் போனார். அவர் நின்ற இடத்தில் கோலத்தின் மேல் மூன்று சொட்டு சாம்பார் கிடந்தது.

எதிரே டீக்கடை போட்டிருந்த சுடலைக்கண்ணு பாலை ஆற்றியபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

“யக்கா, வீட்ல எதும் விசேஷமா?”

“இல்லையே.”

“பெறகு இவ்வோ யாரு?”

“நான் போன்ல கதை எழுதுதேன்லா. அதைப் படிக்கிறவங்க.”

“அப்படியா,” என்றான் சுடலைக்கண்ணு. “அடுத்த தடவை முன்கூட்டியே சொல்லுங்க. பால் கூட வாங்கி வைக்கணும்.”

அதற்கு மேல் அந்தத் தெருவில் யாரும் ஆச்சரியப்படவில்லை. எட்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வருவதையும், வந்த அன்று கறுப்பாக வருவதையும் ஏற்றுக்கொண்ட தெருவுக்கு ஆட்கள் வருவதை ஏற்றுக்கொள்வது ஒன்றும் சிரமமாக இல்லை.

பூரணவல்லிக்கு அப்போது வயது நாற்பத்தொன்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பத்திராபீஸுக்கு எதிரே டைப்பிங் சென்டரில் பத்தொன்பது வருடமாகக் கிரயப் பத்திரமும் விடுதலைப் பத்திரமும் அடித்துக்கொண்டிருந்தாள். எந்தப் பத்திரமானாலும் கடைசியில் ஒரு வரி வரும்: ‘சுயநினைவுடனும் முழு மனச்சம்மதத்துடனும் பிறர் தூண்டுதலின்றியும் எழுதிக் கொடுத்தது.’ அண்ணன் முறைத்துக்கொண்டு நிற்க அழுதபடி கையெழுத்துப் போட்ட தங்கைகளுக்கும், மகன் கையைப் பிடித்து உருட்டிய கைநாட்டுகளுக்கும், காலையிலேயே குடிக்க வாங்கிக் கொடுத்துக் கூட்டிவந்த சித்தப்பாக்களுக்கும் அதே வரிதான். தினம் இருபது தடவை அடிக்க வேண்டியிருந்ததால் கம்ப்யூட்டரில் F6 பொத்தானை அழுத்தினால் அந்த வரி முழுசாக வந்து விழும்படி அவள் செய்து வைத்திருந்தாள். பத்திரத்தில் அவள் சரிபார்ப்பது மூன்றைத்தான்: பெயர், கதவு எண், நான்கு எல்லை. மற்றதெல்லாம் வாசகம். வாசகத்தை யாரும் படிப்பதில்லை.

அவளுடைய ஒரே தங்கை மாரிக்கனி. எல்லாரும் கனி என்றுதான் கூப்பிட்டார்கள். எட்டு கிலோமீட்டர் தள்ளி வடகால் என்ற ஊரில் எலுமிச்சை லோடு ஓட்டுகிற திரவியத்துக்குக் கட்டிக் கொடுத்தது. 2016இல் இருபத்தாறு வயதில் கனி எரிந்து போனாள். ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கிடந்தாள். மரண வாக்குமூலம் வாங்க அதிகாரி வந்தபோது ‘ஸ்டவ் வெடித்தது’ என்று சொன்னாள். அதிகாரி எழுதிப் படித்துக் காட்டி, கீழே ‘சுயநினைவுடன், பிறர் தூண்டுதலின்றி’ என்று முடித்தார். அவருக்கும் எங்கோ ஒரு F6 இருக்கிறது என்று பூரணவல்லி அன்று நினைத்துக்கொண்டாள்.

அதிகாரி போன பிறகு, வாழை இலையில் கிடந்தபடி கனி அக்காவிடம் மட்டும் சொன்னாள். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று திரவியம் ஜன்னல் பக்கம் வந்து நின்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னானாம்: “ஒங்க அக்காவும் தனியாத்தான இருக்கா.” அதற்காகத்தான் ஸ்டவ் வெடித்தது. சொல்லிவிட்டு மறுநாள் காலையில் கனி செத்துப் போனாள். பூரணவல்லி போலீசுக்குப் போனாள், வக்கீலிடம் போனாள், பெண்கள் சங்கத்துக்குப் போனாள். எல்லா இடத்திலும் அந்த வாக்குமூலத்தின் நகலை எடுத்துப் பார்த்துவிட்டு, கடைசி வரியில் விரலை வைத்துக் காட்டினார்கள்.

அதனால்தான் அவள் எழுத வந்தாள். கனி ஸ்டவ் வெடித்துச் சாகவில்லை என்று எங்கேயாவது, யார் கண்ணிலாவது படும்படி, அச்சடித்தது மாதிரி நிற்க வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. கதைக்கு வைத்த பெயர் ‘பிறர் தூண்டுதலின்றி’. முதலில் அவள் அதைப் போட்டது பொன்னேடு என்ற தளத்தில். அது யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்கிற மாதிரி தளம். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை பத்து முப்பத்து மூன்றுக்கு ஒரு அத்தியாயம் ஏற்றினாள். பத்து நாற்பதுக்கெல்லாம் வாசலில் அந்தப் பதினோரு பேர் நின்றார்கள். ஆறு வாரத்தில் பன்னிரண்டாகவில்லை, பத்தாகவும் இல்லை. ஆறாவது அத்தியாயத்தில் திரவியம் கதவிடுக்கில் கனியின் இடது சுண்டு விரலை வைத்துச் சாத்திய இடம் வந்தபோது, கரண்டி அம்மாள் தன் சுண்டு விரலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டதைப் பூரணவல்லி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அன்று அவள் மதியம் நன்றாகச் சாப்பிட்டாள்.

ஆனால் தெருவுக்குப் பதினோரு பேர் போதவில்லை. படிக்கிறவர்கள் டீ கொடுத்தால் குடிக்கிறார்கள் என்பதையும், கண் எதிரே QR அட்டையை நீட்டினால் போனில் ஸ்கேன் செய்து காசு கட்டிவிடுகிறார்கள் என்பதையும், அப்போதும் தலை நிமிர்வதில்லை என்பதையும் சுடலைக்கண்ணு இரண்டாம் வாரமே கண்டுபிடித்திருந்தான். மூன்றாம் வாரம் அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். பதினோரு டீ வாரத்துக்கு எந்த மூலைக்கு? ஆகஸ்ட் கடைசியில் ரேஷன் கடைக் கொட்டகையில் தெருக் கூட்டம் கூடியது. பூரணவல்லி இனி எந்தத் தளத்தில் எழுதுவது என்பது பொருள்.

“தாயி, நீ இருக்கிற எடம் சரியில்ல,” என்றார் கவுன்சிலர் அய்யாத்துரை. “பொன்னேடுங்கது லைப்ரரி மாதிரி. வாரவன்லாம் வயசாளி. ஒரு காப்பியக் கையில புடிச்சா அரை மணி நேரம்.”

“தொடர்மழைன்னு ஒண்ணு இருக்குக்கா,” என்றான் சுடலைக்கண்ணு. “எம்பொண்டாட்டி அதுலதான் கெடக்கா. எபிசோடுக்கு எபிசோடு காசு குடுத்துப் பூட்டைத் தொறந்து படிக்கா. எனக்குச் சோறு போடுததுக்கு இன்னைக்கு வரைக்கும் அப்படி எந்திரிச்சதில்ல.”

பக்கத்து வீட்டில் தையல் மெஷின் வைத்திருந்த மைதீன் பாத்து மட்டும் வேறு மாதிரி பேசினாள். “ஏம் பிள்ள, தனிவழின்னு ஒரு ஏற்பாடு இருக்காமே, ஒம் பேர்லயே ஒரு பக்கம் தொறந்து நீயே எழுதி நீயே விக்கலாமாமே. ஒன் வாசலை ஒம் பேர்ல வச்சுக்கோயேன்.”

“தனியாக் கடை போட்டா ஈதான் வரும், பாத்துக்கா. சந்தைக்குள்ள போடணும்,” என்றான் சுடலைக்கண்ணு.

“ஒனக்கு டீ விக்கணும். அவளுக்கு அழணும்ல?”

“அழுதுகிட்டே டீ குடிக்கட்டும், யாரு வேண்டாம்னா?”

கொட்டகையே சிரித்தது. பூரணவல்லிக்கும் சிரிப்பு வந்தது. அவளுக்கும் பணம் வேண்டியிருந்தது உண்மை. பத்திரமெல்லாம் ஆன்லைனுக்குப் போய்விட்டதில் டைப்பிங் சென்டர் வாரத்தில் மூன்று நாள் மூடிக் கிடந்தது. ஆனால் தொடர்மழைக்குச் சரி என்று அவள் சொன்னதற்குக் காரணம் வேறு. பதினோரு பேர் படித்த விஷயத்தை ஊர் மூடி மறைக்கலாம், பதினோராயிரம் பேர் படித்ததை மறைக்க முடியாது என்று அவள் கணக்குப் போட்டாள்.

தொடர்மழையின் ஒப்பந்தம் போனில் வந்தது. நாற்பத்தொரு பிரிவு. பூரணவல்லி தன் பெயரைச் சரிபார்த்தாள், கதவு எண்ணைச் சரிபார்த்தாள், எல்லைக்குப் பதிலாக வங்கிக் கணக்கு எண்ணைச் சரிபார்த்தாள். மற்றதெல்லாம் வாசகம். கீழே ஒரு சிறிய கட்டம் இருந்தது, பக்கத்தில் ‘பிறர் தூண்டுதலின்றி முழு மனதுடன் ஒப்புக்கொள்கிறேன்’ என்று போட்டிருந்தது. பழகிய வரியைப் பார்த்ததும் விரல் தானாகப் போய் அழுத்தியது. கதை என்ன வகை என்று அடுத்த பக்கம் கேட்டது. காதல், குடும்பம், முரட்டு நாயகன், பேய், பக்தி, சமையல் என்று ஆறு இருந்தன. கொலை என்று ஒன்று இல்லை. கனி அவன் வீட்டில்தான் எரிந்தாள், வீடு என்றால் குடும்பம் என்று அதைத் தொடப் போனவளை, அந்தத் தளத்திலிருந்து பேசிய ஹாசினி என்ற பெண்குரல் தடுத்தது.

“குடும்பம் வேணாம் மேம், அதுல கூட்டமே இல்ல. உங்க ஹீரோ செம முரடு. முரட்டு நாயகன் போடுங்க, பிச்சுக்கும்.”

“அவன் ஹீரோ இல்லம்மா.”

“அதான் மேம் முரட்டு நாயகன்னா. முதல்ல அப்படித்தான் இருப்பான்.”

பெயரும் மாறியது. ‘பிறர் தூண்டுதலின்றி’ என்றால் நில வழக்கு மாதிரி இருக்கிறதாம். ‘ராட்சசன் கையில் ரோஜா’ என்று அவர்களே வைத்தார்கள். அட்டையில் சிவப்புப் பட்டுப் புடவையில் பால் நிறத்தில் ஒரு பெண்ணையும், புருவத்தில் தழும்போடு ஒருவனையும் வரைந்தார்கள். தழும்பு பூரணவல்லி எழுதியது. கனியின் கறுப்பும் அவள் எழுதியதுதான். அது அட்டைக்கு வரவில்லை. சுண்டு விரலைக் கதவிடுக்கில் நசுக்கிய பத்தி ‘வாசகர் மனம் புண்படும்’ என்று வெட்டப்பட்டது.

முதல் அத்தியாயத்திலிருந்து மறுபடி ஏற்றத் தொடங்கினாள். முதல் ஞாயிறு நானூறு பேர் வந்தார்கள். தீபாவளிக்கு நாலாயிரம். பொங்கலுக்குத் தெரு கொள்ளாமல் பஸ் ஸ்டாண்டு வரை நின்றார்கள். தலையில் துண்டு சுற்றிய மேனிக்கு, ஊசி போட்டுக்கொண்ட கையில் பஞ்சோடு, பால் குடிக்கிற பிள்ளையோடு, ஆபீஸ் அட்டை கழுத்தில் தொங்க, ஒரு தடவை மணவறையிலிருந்து மாலையோடு ஒருத்தி என்று வந்து, நின்று, படித்து, போனார்கள். ஊர் அவர்களுக்குப் பழகிக்கொண்டது. நகராட்சி தடுப்புக் கம்பு கட்டியது. வாடகைக்கு நாற்காலி விடுகிறவர்கள் கல்யாண ஆர்டரை மறுத்தார்கள். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் மணி அடிப்பதை விட்டுவிட்டுப் படிக்கிறவர்களுக்கு இடையில் புகுந்து போகக் கற்றுக்கொண்டார்கள். எலுமிச்சை மண்டியில் விலை போகாத பழத்தையெல்லாம் சுடலைக்கண்ணு பிழிந்து ஊற்றினான். எங்கோ ஒரு ஊரில் படித்து முடித்து நிமிர்கிறவர்களுக்கு ஏன் நாக்கில் எலுமிச்சை புளிக்கிறது என்று தெரியவில்லை. அம்மன் கோவில் கோபுரத்துக்கு அந்தப் பணத்தில்தான் வண்ணம் அடித்தார்கள். கல்வெட்டில் ‘உபயம்: வாசகர்கள்’ என்று வெட்டினார்கள்.

ஒன்று மட்டும் பொன்னேட்டில் வந்தவர்களைப் போல இல்லை. இவர்கள் பேசினார்கள். தலை நிமிராமல், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல், படித்து முடித்ததும் ஒரு வரி சொல்லிவிட்டுத்தான் மறைந்தார்கள். ‘சூப்பர் சிஸ்.’ ‘அடுத்த எபி எப்போ சிஸ்?’ ‘அவ ஏன் சிஸ் எதிர்த்துப் பேசுறா?’ ‘ஹீரோ பாவம் சிஸ்.’ நாலாயிரம் பேர் ‘ஹீரோ பாவம் சிஸ்’ என்று சொல்கிற சத்தம் ஞாயிற்றுக்கிழமை முற்பகல்களில் மழை நெருங்குகிற இரைச்சல் மாதிரி தெருவில் எழுந்து அடங்கியது. பூரணவல்லி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். அவன் அடித்ததை அடித்தது என்று எழுதினாள். நாலாயிரம் பேரும் அதை ஆசை என்று படித்தார்கள். பெல்ட்டால் அடித்தான் என்று எழுதிய வாரம் ஆறாயிரம் பேர் வந்தார்கள். கரண்டி அம்மாளைக் கூட்டத்தில் தேடித் தேடிப் பார்த்தாள். அவர் பூட்டைத் திறக்கக் காசு கொடுக்கிற ஆளாக இருந்திருக்க மாட்டார்.

மாசி மாதம் ஒரு ஞாயிறு, வடகாலிலிருந்து பத்தே கால் பஸ்ஸில் திரவியம் வந்து இறங்கினான். மாயம் எதுவும் இல்லை, டிக்கெட் எடுத்து வந்தான். கனி செத்த பிறகு அவனுக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை, ஊரில் ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரக்கூட யோசிப்பான். டீக்கடை முன்னால் அவன் வந்து நின்றபோது, அதுவரை நிமிராத தலைகள் முதல் தடவையாக நிமிர்ந்தன. புருவத் தழும்பைப் பார்த்தார்கள். பிறகு அத்தனை பேரும் போனை அவன் பக்கம் திருப்பிப் படம் எடுத்தார்கள்.

சுடலைக்கண்ணு ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டான். கனியின் பாடைக்கு முன்னால் சங்கு ஊதியவன் அவனுடைய அப்பன்தான்.

“அவனுக்கா நாற்காலி போடுத?” என்று மைதீன் பாத்து வாசலிலிருந்து கத்தினாள்.

“கஸ்டமர் கேக்காவ, பாத்துக்கா. நான் என்ன செய்ய?”

திரவியம் மெதுவாக எழுந்து பூரணவல்லி வீட்டுக் கதவைத் தட்டினான். திறந்தாள். ஏழு வருடத்துக்குப் பிறகு எதிரெதிரே நின்றார்கள்.

“மதினி, நல்லா எழுதியிருக்கீய,” என்றான். “நான் இவ்வளவு நல்லவன்னு எனக்கே தெரியாது.”

கனி சாக வேண்டியது முப்பத்தோராம் அத்தியாயம். மார்ச் கடைசியில் ஹாசினி கூப்பிட்டாள்.

“மேம், முப்பத்தொண்ணு படிச்சோம். ஹீரோயினை எப்படி மேம் சாகடிப்பீங்க? மக்கள் தாங்க மாட்டாங்க.”

“அவ செத்துட்டாம்மா. அதுதான் கதை.”

“பதினேழாம் பிரிவு பாருங்க மேம். வாசகர் நலன் கருதி முடிவை மாத்துற உரிமை தளத்துக்கு உண்டு. நீங்க மனசாரத்தான் ஒத்துக்கிட்டிருக்கீங்க, கட்டத்துல டிக் இருக்கு.”

அன்று மாலையே அய்யாத்துரை நாலு பேரோடு வந்து உட்கார்ந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

“தாயி, ஒந் தங்கச்சி எங்களுக்கும் தங்கச்சிதான். அவ ஒரு தடவ செத்தா, நாம அழுதோம். இப்பம் இன்னொரு தடவ சாவணுமா? இப்பம் செத்தா தெருவே சாவும்.”

“அவ எப்படிச் செத்தான்னு சொல்லத்தான் மாமா எழுதவே வந்தேன்.”

“சொல்லி? திரும்பி வந்துருவாளா?”

அந்தக் கேள்விக்குப் பதில் 2023 ஏப்ரல் 2, ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று காலை பத்து முப்பத்து மூன்றுக்குப் பூரணவல்லி முப்பத்தோராம் அத்தியாயத்தைத் தான் எழுதியபடியே ஏற்றினாள். மண்ணெண்ணெய் கேனின் நிறம், தீப்பெட்டி இருந்த அலமாரி, வாழை இலை, ஜன்னல், ஜன்னலில் சொன்ன வாக்கியம் எல்லாம் அதில் இருந்தன. அது நான்கு நிமிடம் நின்றது. பிறகு அதே எண்ணில், அதே நேரம் போட்டு, வேறு அத்தியாயம் இருந்தது. அதில் தீ பிடிக்கிறது. ராட்சசன் பாய்ந்து போய்த் தன் கையால் தீயை அணைத்து அவளைத் தூக்குகிறான். ஆஸ்பத்திரியில் கண் விழிக்கும் ரோஜா ‘நீங்க ரொம்ப நல்லவர்ங்க’ என்கிறாள். பதினொன்றரைக்குள் நாற்பதாயிரம் பேர் வந்துபோனார்கள். பத்திராபீஸ் தெருவில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் தவிர வேறு சத்தமில்லை.

சாயங்காலம் நாலரை மணிக்கு, பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து சிவப்புப் பட்டுப் புடவையில் கனி நடந்து வந்தாள்.

முகம் கனியின் முகம். நடை கனியின் நடை, வலது தோளைச் சற்று இறக்கி. நிறம் மட்டும் அட்டையில் இருந்த நிறம். தெரு ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு அய்யாத்துரைதான் சொன்னார், “படிக்கிறவன் வரலாம்னா படிக்கப்பட்டவ வரக் கூடாதாவே?” அதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை என்று எல்லாருக்கும் பட்டது. யாரோ ஆரத்தி கரைக்கப் போனார்கள்.

பூரணவல்லி ஓடிப் போய் அவளுடைய இடது கையைப் பிடித்தாள். சுண்டு விரலைத் தடவிப் பார்த்தாள். விரல் நேராக இருந்தது. கதவிடுக்கை வெட்டிவிட்டார்கள் அல்லவா, அதனால் விரல் உடைந்திருக்கவில்லை. உடையாததால் அதைப் பற்றிய ஞாபகமும் அவளுக்கு இல்லை.

“கனி, என்னத் தெரியுதா?”

“அக்கா,” என்றாள் கனி, சிரித்தபடி. “அவரு ரொம்ப மாறிட்டாருக்கா.”

“ஆஸ்பத்திரில ஜன்னல்ல நின்னு என்ன சொன்னான்னு ஞாபகம் இருக்கா?”

“அவரு ரொம்ப மாறிட்டாருக்கா.”

திரவியம் மோட்டார் சைக்கிளில் தயாராக இருந்தான். அவள் ஏறி, ஒரு பக்கமாக உட்கார்ந்து, அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். தெரு கைதட்டியது. மைதீன் பாத்து மெஷினை நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஒரு மாதத்துக்குள் இறப்புச் சான்றிதழ் ‘பதிவுப் பிழை’ என்று ரத்தாயிற்று. ரேஷன் கார்டில் பெயர் ஏறியது. பூரணவல்லி ஒரு புகாரை அடித்து எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனாள். இன்ஸ்பெக்டர் இரண்டு பக்கத்தையும் படித்தார்.

“இதுல கொலைன்னு எழுதியிருக்கீங்க. கொலையானவங்க இன்னைக்குக் காலைல வடகால்ல கொழாயடியில தண்ணி புடிச்சதை எங்க ஏட்டய்யா பாத்திருக்காரு.”

“சார், அது செத்தவ இல்ல. படிச்சவங்க செஞ்சு அனுப்புனது.”

“ஏம்மா, தங்கச்சி திரும்பி வந்தா ஊர்ல எல்லாரும் கறி எடுப்பாங்க. நீங்க புகார் எடுத்துட்டு வர்றீங்க.”

‘ராட்சசன் கையில் ரோஜா’ இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று வந்துகொண்டிருந்தது. எழுதியது யாரென்று தெரியாது. மேலே பூரணவல்லியின் பெயர்தான் இருந்தது. அழிக்க முடியாது, அவள் காலத்துக்குப் பிறகும் அறுபது வருடம் அவர்களுக்கு உரிமை உண்டு என்றது இருபத்திரண்டாம் பிரிவு. அவள் இப்போது நாற்பத்தொரு பிரிவையும் படித்திருந்தாள். மாதாமாதம் கணக்கில் பணம் விழுந்தது. அதை அவள் எடுக்கவும் இல்லை, திருப்பி அனுப்ப ஒரு வழியும் அந்தப் பிரிவுகளில் இல்லை.

2024 தை மாத நடுவில், மைதீன் பாத்து முன்பு சொன்ன தனிவழியில் அவள் தன் பெயரில் ஒரு பக்கம் திறந்தாள். அங்கே வகை கேட்கவில்லை. பழைய பெயரிலேயே, முதல் எழுத்திலிருந்து, கறுப்பு நிறம், கதவிடுக்கு, பெல்ட், கேன், ஜன்னல் என எதையும் விடாமல் முப்பத்தோரு அத்தியாயத்தையும் ஒன்றாக ஏற்றினாள். ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை, பத்து நாற்பதுக்கு ஜன்னலைத் திறந்தாள். தெரு முழுக்க மூன்றாம் பாகத்துக்கு வந்தவர்கள் நின்றார்கள். அவர்களுக்கு நடுவே, வாசல் கோலத்தின் மேல், கையில் கரண்டியோடு அந்த அம்மாள் நின்றிருந்தார்.

எழுத்துக் கூட்டிப் படித்தார். மதியம் இரண்டு மணிக்கும் நின்றார். கரண்டியில் இருந்தது காய்ந்து போயிருந்தது. நாலு மணிக்குப் படித்து முடித்து, தலையை நிமிர்த்தி, ஜன்னலை நேராகப் பார்த்தார்.

“அவளை அவன்கிட்டயே விட்டுட்டா இருக்கீங்க?” என்று கேட்டுவிட்டு இல்லாமல் போனார்.

பூரணவல்லி அப்படியே செருப்பைப் போட்டுக்கொண்டு வடகாலுக்குப் போனாள். கனி அடுப்படியில் இருந்தாள். பட்டுப் புடவை மக்கிப்போய் முழங்கால் பக்கம் கிழிந்திருந்தது. இடது கையில் சுண்டு விரலில் துணி சுற்றியிருந்தது.

“என்ன ஆச்சு விரலுக்கு?”

“கதவுல நசுங்கிட்டுக்கா.” சொல்லிவிட்டு அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். அவளுக்கு எழுதிக் கொடுத்த வசனம் அங்கே தீர்ந்துபோனது மாதிரி இருந்தது. பிறகு, “அவரு ரொம்ப மாறிட்டாருக்கா,” என்றாள்.

“வா, போவோம். எதையும் எடுக்காத, அப்படியே வா.”

கையைப் பிடித்து இழுத்தாள். கனி வாசல்நிலை வரை வந்தாள். அங்கே படம் எடுக்க வந்த கூட்டம் நின்றது; இவர்கள் பஸ்ஸிலும் வேனிலும் வந்த நிஜ ஆட்கள். ‘வில்லி அக்கா’ என்று ஒருத்தி பூரணவல்லியை அடையாளம் கண்டு கத்தினாள். மூன்றாம் பாகத்தில் அப்படி ஒரு பாத்திரம் இருந்தது. நாலு பேர் வந்து, மரியாதையாகத்தான், கனியின் கையை அவள் கையிலிருந்து பிரித்து உள்ளே கொண்டுபோய் விட்டார்கள். திரவியம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

“தனியாவா வந்திய, மதினி?” என்று மட்டும் கேட்டான்.

2024 பிப்ரவரி 9, வெள்ளிக்கிழமை, வடகாலைச் சேர்ந்த திரவியத்தின் மனைவி மாரிக்கனி (26) வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தபோது ஸ்டவ் வெடித்ததில் உயிரிழந்தார். முன்னதாக அவர் சுயநினைவுடனும் பிறர் தூண்டுதலின்றியும் வாக்குமூலம் அளித்ததாகப் போலீசார் தெரிவித்தனர்.